வாளேந்திய துறவிகள்

 

பூந்தமல்லியிலிருந்து போரூர், இராமாபுரம், நந்தம்பாக்கம் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலை பறங்கிமலையின் அடிவாரத்தைச் சென்று சேர்கிறது. நாள்தோறும் இச்சாலையில் பேருந்தேறிச் செல்வோர் பல்லாயிரவர். ஆயினும் 'பறங்கி' என்னும் சொல் எங்கிருந்து வந்தது என எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலரே. 'ஃபிராங்க்' என்னும் ஐரோப்பிய இனப்பெயரை அரபுகள் 'இஃப்ரன்ஜ்' என்றனர். பாரசீகர் 'ஃபரங்கி' என்றனர். சிலுவைப் போர்க் காலத்தில் பைத்துல் முகத்தஸ் மண்ணில் வந்திறங்கிய ஐரோப்பியர் அனைவரையும் அரபு வரலாற்றாசிரியர்கள் இப்பெயராலேயே குறித்தனர். அச்சொல் கடல் கடந்து நம் கரைக்கு வந்து, போர்ச்சுக்கீசியரைக் குறிக்கும் 'பறங்கி' ஆயிற்று. அவர்கள் 1523-ஆம் ஆண்டில் தேவாலயம் எழுப்பிய குன்று பறங்கிமலை ஆயிற்று.

வந்தது சொல் மட்டுமன்று. சிலுவைப் போர்க்களத்தில் பிறந்த ஒரு விசித்திரமான அமைப்பின் வாரிசும் அதே கப்பல்களில் நம் நாட்டிற்கு வந்து சேர்ந்தது. துறவியின் விரதத்தையும் போர்வீரனின் வாளையும் ஒரே உடலில் சுமந்த கிறிஸ்தவப் படைச்சங்கங்களைத்தான் குறிப்பிடுகிறேன். இவர்களைப் பற்றி நம் மேடைகளில் பேசப்படுவதுண்டு. பேசப்படும் முறையில்தான் குறை இருக்கிறது. ஸலாஹுத்தீன் ஐயூபி (ரஹ்) அவர்களின் வீரத்தை விளக்க வரும் பேச்சாளர், எதிரணியில் நின்றவர் யார், எவ்வாறு தோன்றினர், பிறகு என்னவாயினர் என்பதைச் சொல்லாமலே முடித்துவிடுகிறார். கேட்டுக்கொண்டிருக்கும் இளைஞனோ, பக்கத்துத் தெருவிலிருந்து மாதா கோயிலுக்குச் செல்லும் அண்டை வீட்டாரையும் அந்தப் படையின் மிச்சமாகவே எண்ணிக்கொண்டு வீடு திரும்புகிறான். இது வரலாற்றுக்கும் நீதியன்று, மார்க்கத்துக்கும் நீதியன்று. ஆகவே இம்மாதம் அவர்களுடைய கதையைச் சற்று விரிவாகக் காண்போம்.

மருத்துவமனையில் தொடங்கிய சங்கம்

இச்சங்கங்களுள் மூத்தது போர்க்களத்தில் பிறக்கவில்லை. ஒரு மருத்துவமனையில் பிறந்தது. 11-ஆம் நூற்றாண்டில், சிலுவைப் போர் தொடங்குவதற்கு முன்னரே, இத்தாலியின் அமால்ஃபி நகர வணிகர்கள் பைத்துல் முகத்தஸில் கிறிஸ்தவ யாத்ரீகர்களுக்காக ஒரு விடுதியையும் நோயாளர் இல்லத்தையும் நிறுவினர். அந்நகரம் அன்று முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது என்பதையும், அவ்வாட்சியின் அனுமதியோடுதான் அந்த இல்லம் எழுந்தது என்பதையும் நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

1099-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் முதலாம் சிலுவைப்படை நகரைக் கைப்பற்றி, அங்கிருந்த முஸ்லிம்களையும் யூதர்களையும் படுகொலை செய்தது. அதன் பின்னர் அவ்வில்லத்துக்குக் காணிக்கைகள் குவிந்தன. அதன் தலைவரான ஜெரார்து என்பாரின் காலத்தில், 1113-இல், போப்பாண்டவர் இரண்டாம் பாஸ்கல் அதனைத் தனிச் சங்கமாக அங்கீகரித்தார். யோவான் பெயரால் அமைந்த இச்சங்கத்தாரை ஐரோப்பியர் ஹாஸ்பிட்டலர்கள் என்றனர். அரபுகள் 'இஸ்பிதாரிய்யா' என்றனர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை அம்மருத்துவமனை தாங்கியதாக அந்நாளைய யாத்ரீகர்கள் எழுதியுள்ளனர். மதம் பாராமல் முஸ்லிம்களும் யூதர்களுமான நோயாளிகளையும் அது ஏற்றுக்கொண்டது என்ற செய்தியும் அக்காலக் குறிப்பொன்றில் காணப்படுகிறது. ஏறத்தாழ இதே காலத்தில்தான், 1154-இல், சுல்தான் நூருத்தீன் (ரஹ்) திமிஷ்கில் தம் பெயரால் விளங்கும் புகழ்பெற்ற மாரிஸ்தானை நிறுவினார். எதிரெதிரே நின்ற இரு தரப்பாரும் நோயாளியின் படுக்கையருகே ஒரே பணியைச் செய்துகொண்டிருந்தனர்.

இரண்டாவது சங்கம் வேறு வகையினது. 1119-ஆம் ஆண்டளவில், ஹ்யூ தெ பெயன் என்னும் பிரெஞ்சு வீரர், யாத்ரீகர்களை வழிப்பறியினின்றும் காப்பதற்கென ஒரு சிறு குழுவைத் திரட்டினார். வறுமை, பிரம்மச்சரியம், கீழ்ப்படிதல் ஆகிய துறவற விரதங்களை ஏற்றவர்கள் வாளையும் ஏந்தினர். மன்னன் இரண்டாம் பால்ட்வின் அவர்களுக்கு இருப்பிடமாக அளித்தது எந்த இடம் தெரியுமா? தன் அரண்மனையாக ஆக்கிக்கொண்டிருந்த மஸ்ஜிதுல் அக்ஸாவின் ஒரு பகுதி! அவ்விடத்தைச் சுலைமான் (அலை) அவர்களின் ஆலயம் எனக் கருதிய சிலுவைப் போராளர்கள் 'டெம்பிள்' என்றழைத்தனர். அங்குத் தங்கியவர்கள் 'டெம்ப்ளர்கள்' ஆயினர். அரபுகள் இவர்களைத் 'தாவிய்யா' என்றனர். வெள்ளை மேலாடையில் செந்நிறச் சிலுவை டெம்ப்ளர்களின் அடையாளம். கரிய மேலாடையில் வெண் சிலுவை ஹாஸ்பிட்டலர்களுடையது. 1190-இல் அக்கா நகர முற்றுகையின்போது ஜெர்மானியர் தொடங்கிய நோயாளர் பணியும் 1198-இல் மூன்றாவது படைச்சங்கமாக உருமாறியது.

நோயாளியைப் பேணிய கை எப்போது வாளைப் பற்றியது? ஒரே நாளில் நிகழ்ந்த மாற்றமன்று அது. யாத்ரீகரைக் காக்கக் காவலர் வேண்டும். காவலருக்குக் கோட்டை வேண்டும். கோட்டைக்கு நிலம் வேண்டும். நிலத்தைக் காக்கப் படை வேண்டும். இவ்வாறு படிப்படியாக 12-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஹாஸ்பிட்டலர்களும் முழுமையான படையினராயினர். சிரியாவில் இன்றும் நிற்கும் ஹிஸ்னுல் அக்ராது என்னும் மாபெருங் கோட்டை அவர்கள் வசம் இருந்தது. சுல்தான் பைபர்ஸ் 1271-இல் அதனை மீட்கும்வரை அங்கிருந்தே சுற்றுப்புறத்தை ஆட்டிப்படைத்தனர்.

பகையிலும் சில நேர்மைகள்

இவர்களைப் பற்றி முஸ்லிம் எழுத்தாளர்கள் என்ன கூறினர்? சிரியாவின் ஷைஸர் கோட்டையைச் சேர்ந்த உஸாமா இப்னு முன்கித் தம் நினைவு நூலில் ஒரு நிகழ்ச்சியைப் பதிந்துள்ளார். அவர் பைத்துல் முகத்தஸ் செல்லும்போதெல்லாம், அக்ஸாவை ஒட்டித் தேவாலயமாக மாற்றப்பட்டிருந்த சிறு பள்ளியை டெம்ப்ளர்கள் அவர் தொழுவதற்காக ஒழித்துக் கொடுப்பார்களாம். ஒருநாள் அவர் தொழுகையில் நின்றபோது, ஐரோப்பாவிலிருந்து புதிதாக வந்த ஒருவன் அவரைப் பற்றித் திருப்பிக் கிழக்கு நோக்கித் தொழுமாறு வற்புறுத்தினான். டெம்ப்ளர்கள் ஓடி வந்து அவனை அப்புறப்படுத்தி, அவன் இந்நாட்டுக்குப் புதியவன் என்று கூறி உஸாமாவிடம் வருத்தம் தெரிவித்தனர். அண்டை அயலில் பழகியவனுக்கும், வெறுப்பை மட்டுமே கேள்விப்பட்டு வந்தவனுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக விளக்க இயலுமா?

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஹிஜ்ரி 583, அதாவது 1187 ஜூலையில், ஹித்தீன் போரில் வென்ற ஸலாஹுத்தீன் (ரஹ்), சிறைப்பட்ட மற்றவர்களை ஈட்டுத்தொகைக்கோ அடிமைத்தனத்துக்கோ விட்டுவைத்தபோதிலும், இவ்விரு சங்கத்தாரையும் ஒன்று திரட்டிக் கொல்லுமாறு கட்டளையிட்டார். ஏறத்தாழ 200 பேர் அவ்வாறு கொல்லப்பட்டனர். வாழ்நாள் முழுதும் போர் செய்வதாகவே சத்தியம் செய்தவர்கள், விடுவித்தால் மீண்டும் வருவார்கள் என்பது அவர் கருத்து. அந்நாளைய போர்முறையில் அது அரிதன்று. ஆனால் அதைச் சொல்லாமல் அவருடைய கருணையை மட்டும் சொல்வது வரலாறாகாது.

கருணையும் மெய்யே. மூன்று மாதங்கள் கழித்து, ரஜப் 27-ஆம் நாளில், பைத்துல் முகத்தஸ் அவர் வசமானபோது, 1099-இல் ஓடிய இரத்தத்துக்குப் பழிவாங்கல் நிகழவில்லை. தொகை செலுத்தியோர் வெளியேறினர். செலுத்த வழியற்ற பலரும் விடுவிக்கப்பட்டனர். அதனினும் சிறப்பு ஒன்றுண்டு. நகரில் எஞ்சிய நோயாளிகளைப் பேணுவதற்காக ஹாஸ்பிட்டலர்களுள் பத்துப் பேர் ஓராண்டு அங்கேயே தங்கிக்கொள்ள அவர் இசைவளித்தார். ஹித்தீனில் எந்தச் சங்கத்தின் வாளை முறித்தாரோ, அதே சங்கத்தின் மருந்துப் பையை அவர் பறிக்கவில்லை. வாளையும் மருந்தையும் வேறுபடுத்தி அறிந்த அந்த நுண்ணறிவே இக்கட்டுரையின் சாரம் என்பேன்.

செல்வம் தந்த வீழ்ச்சி

வறுமையை விரதமாக ஏற்ற டெம்ப்ளர்கள் எவ்வாறு பெருஞ்செல்வரானார்கள் என்பது தனிக் கதை. 1139-இல் போப்பாண்டவர் அவர்களை ஆயர்களின் அதிகாரத்தினின்றும் விடுவித்துத் தமக்கு மட்டுமே கட்டுப்பட்டவர்களாக ஆக்கினார். ஐரோப்பா எங்கும் நிலங்கள் நன்கொடையாகக் குவிந்தன. ஓரிடத்தில் பணத்தைச் செலுத்திச் சீட்டுப் பெற்று மற்றோரிடத்தில் அதைக் காட்டித் தொகை பெறும் வசதியையும் அவர்கள் நடத்தினர். நம் வணிகர்களின் உண்டியல் முறையையும், அரபு வணிகர்களின் 'ஸுஃப்தஜா'வையும் அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. நாளடைவில் மன்னர்களே அவர்களிடம் கடன்பட்டனர்.

1291-இல் அக்கா வீழ்ந்து, சிலுவைப் போராளர்களின் ஆட்சி அம்மண்ணில் முடிவுற்றபோது, காக்க யாத்திரை வழியும் இல்லை, போரிடக் களமும் இல்லை. செல்வம் மட்டுமே எஞ்சியது. பிரெஞ்சு மன்னன் நான்காம் பிலிப்பின் கண் அதன்மேல் விழுந்தது. 1307 அக்டோபர் 13, வெள்ளிக்கிழமை விடியலில், பிரான்சிலிருந்த டெம்ப்ளர்கள் யாவரும் ஒரே நேரத்தில் கைது செய்யப்பட்டனர். சித்திரவதையால் வாக்குமூலங்கள் பெறப்பட்டன. சுமத்தப்பட்ட குற்றங்களுள் ஒன்று, அவர்கள் ஒரு சிலையை வழிபட்டனர் என்பது. அச்சிலைக்குச் சூட்டப்பட்ட பெயரோ, நம் பெருமானார் (ஸல்) அவர்களின் திருப்பெயர் ஐரோப்பிய நாவில் திரிந்த வடிவமே என்று அறிஞர்கள் கருதுகின்றனர். சிலை வணக்கத்தை வேரறுக்க வந்த தூதரின் பெயரையே சிலைக்குச் சூட்டும் அளவுக்கு அன்றைய ஐரோப்பா இஸ்லாத்தைப் பற்றி அறியாமையில் மூழ்கியிருந்தது!

1312-இல் சங்கம் கலைக்கப்பட்டது. 1314 மார்ச்சில் அதன் கடைசித் தலைவர் ஜாக் தெ மொலே பாரிஸில் உயிரோடு எரிக்கப்பட்டார். போப்பாண்டவர் ஐந்தாம் கிளமென்ட் 1308-இலேயே தலைவர்களுக்குப் பாவமன்னிப்பு வழங்கியிருந்தார் என்பதைக் காட்டும் ஏடு 2001-இல் வத்திக்கான் ஆவணக் காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டது. யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டாத செல்வம், நண்பனையும் பகைவனாக்கும். பகைவன் வந்து நிற்கும் நாளில் அதற்காகப் பரிந்து பேச ஒருவரும் இரார்.

பாய்மரத்தில் பறந்த சிலுவை

பிரான்சில் அணைந்த விளக்கு போர்ச்சுக்கல்லில் அணையவில்லை. அந்நாட்டு மன்னர் தினிஷ், டெம்ப்ளர்களின் சொத்துக்களைப் பிறர் கையில் விடாது, 1319-இல் போப்பாண்டவரின் ஒப்புதலோடு 'கிறிஸ்துவின் படைச்சங்கம்' என்னும் புதிய அமைப்பை உருவாக்கி அதனிடம் ஒப்படைத்தார். பெயர் மாறிற்று, சொத்தும் செந்நிறச் சிலுவையும் தொடர்ந்தன. தோமர் என்னும் ஊரிலிருந்த டெம்ப்ளர் கோட்டையே பின்னர் அதன் தலைமையிடமாயிற்று. 1420-இல் இளவரசர் ஹென்றி அச்சங்கத்தின் நிர்வாகியானார். ஆப்பிரிக்கக் கரையோரமாகக் கப்பல்களை அனுப்பிய அவருடைய முயற்சிகளுக்குச் சங்கத்தின் வருவாய் உதவியது. 1456-இல் போப்பாண்டவர் மூன்றாம் கலிக்ஸ்தஸ், கண்டறியப்படும் புதிய நிலங்களின் சமய அதிகாரத்தை, இந்தியா வரையில், இச்சங்கத்துக்கே வழங்கினார். நம் நாட்டார் எவரும் அறியாத ஓர் ஏட்டில், நம் நாட்டின் மீது ஓர் அதிகாரம் எழுதி வைக்கப்பட்டுவிட்டது!

1498 மே மாதம் கோழிக்கோட்டை அடுத்த கரையில் வந்திறங்கிய வாஸ்கோ ட காமா, சந்தியாகு என்னும் மற்றொரு படைச்சங்கத்தின் வீரர். பின்னர் 1507-இல் கிறிஸ்துவின் சங்கத்துக்கு மாறினார். 1500-இல் வந்த கப்ராலோ கிறிஸ்துவின் சங்கத்தவர். அவர்களை அனுப்பிய மன்னர் மனுவேல்தான் அச்சங்கத்தின் தலைவர். கோவாவை 1510-இல் கைப்பற்றிய அல்புக்கர்க்கு சந்தியாகு சங்கத்தவர். ஹித்தீனிலும் அக்காவிலும் தோற்ற போரை, இந்துமாக் கடலில் தொடர்வதாகவே அவர்களுட் பலர் எண்ணினர். மிளகு வாணிபத்தின் பேராசையும் அதனோடு கலந்திருந்தது.

1502-இல் மக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த 'மீரி' என்னும் கப்பலை வாஸ்கோ ட காமா மறித்துக் கொள்ளையிட்டு, பெண்களும் குழந்தைகளும் உள்ளிட்ட நூற்றுக்கணக்கான பயணிகளோடு தீக்கிரையாக்கினார். உடன் வந்த போர்ச்சுக்கீசியரே இதனை எழுதி வைத்துள்ளனர். அந்நூற்றாண்டின் கொடுமைகளையெல்லாம் பொன்னானியின் ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) தமது 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' என்னும் அரபு நூலில் பதிந்தார். அவர் முஸ்லிம்களை யாருக்குத் துணை நிற்கத் தூண்டினார் என்பதைக் கவனியுங்கள்: கோழிக்கோட்டின் இந்து மன்னரான சாமூதிரிக்கு! குஞ்ஞாலி மரைக்காயர்கள் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களாக விளங்கினர். ஆனால் நான்காம் குஞ்ஞாலிக்கும் சாமூதிரிக்கும் பிணக்கு ஏற்பட்டபோது, 1600-இல் சாமூதிரியும் போர்ச்சுக்கீசியரும் இணைந்தே அவரை வீழ்த்தினர். கோவாவில் அவர் கொல்லப்பட்டார். வரலாறு நாம் விரும்பும் வண்ணம் இரு நிறங்களில் மட்டும் தன்னைத் தீட்டிக்கொள்வதில்லை.

நம் தமிழ்க் கரையிலும் அவ்வாறே. முத்துக்குளித்துறையில் முஸ்லிம் வணிகர்களுக்கும் பரதவர்களுக்கும் இருந்த பகை முற்றியதால், பரதவர்கள் போர்ச்சுக்கீசியரின் காவலை நாடினர். 1535-க்கும் 1537-க்கும் இடையே பல்லாயிரவர் கிறிஸ்தவராயினர். 1538-இல் மண்டபத்தை அடுத்த வேதாளையில் மரைக்காயர்களின் கடற்படையைப் போர்ச்சுக்கீசியர் முறியடித்தனர். பரதவர்கள் அந்நியரிடம் ஏன் ஓடினர் என்ற வினாவுக்கு, அன்றைய நம் வணிகர்கள் சிலரின் கடுமையும் ஒரு விடை என்பதை ஒப்புக்கொள்ளும் துணிவு நமக்கு வேண்டும்.

1551-இல் போர்ச்சுக்கல்லின் படைச்சங்கங்களின் தலைமை அந்நாட்டு மன்னரிடம் நிலையாக இணைக்கப்பட்டது. 1606-இல் மயிலாப்பூர் சாந்தோம் மறைமாவட்டம் நிறுவப்பட்டபோது, ஆயரை முன்மொழியும் உரிமை அம்மன்னருடையதாகவே இருந்தது. தோமர் கோட்டையில் தொடங்கிய அந்த அதிகாரத்தின் இறுதி இழை, நாடு விடுதலையடைந்த பின், 1950-இல்தான் அறுந்தது. 1952-இல் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டம் உருவாயிற்று.

இதனால் நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் அந்த வாளின் வாரிசுகள் ஆகிவிடுவார்களா? ஒருபோதும் இல்லை. பறங்கியரின் ஆதிக்கத்தால் கிறிஸ்தவர்களும் துன்புற்றனர். பன்னெடுங்காலமாக மலையாளக் கரையில் வாழ்ந்த தோமையார் கிறிஸ்தவர்களை 1599-இல் உதயம்பேரூர் மன்றத்தின் வாயிலாக அடக்க முயன்றனர். அவர்களோ 1653-இல் மட்டாஞ்சேரியில் திரண்டு, அவ்வதிகாரத்துக்குப் பணியோம் எனக் கூனன் சிலுவைச் சத்தியம் செய்தனர். ஆதிக்கம் செய்தவனின் மதத்தை வைத்து, அம்மதத்தவர் அனைவரையும் கூண்டில் ஏற்றுதல் தகாது. அந்த அளவுகோலால் பிறர் நம்மை அளக்கும்போது நமக்கு எவ்வளவு வலிக்கிறது!

நடத்துநரின் சான்றிதழில் ஒரு சிலுவை

ஹாஸ்பிட்டலர்களின் கதை இன்னும் முடியவில்லை. அக்கா வீழ்ந்தபின் அவர்கள் ரோட்ஸ் தீவுக்குச் சென்றனர். சுல்தான் சுலைமான் 1522-இல் அத்தீவை வென்றபோது, அவர்களை மானத்தோடு வெளியேற விட்டார். 1530-இல் மால்டாவில் குடியேறி, 1565-இல் உதுமானியரின் முற்றுகையைத் தாங்கினர். அங்கே பெரிய மருத்துவமனையையும் நடத்தினர். முஸ்லிம்களின் கப்பல்களைக் கொள்ளையிட்டுப் பயணிகளை அடிமைகளாகவும் விற்றனர். 1798-இல் நெப்போலியன் மால்டாவைக் கைப்பற்றியதோடு அவர்களுடைய ஆட்சியும் படையும் முடிவுற்றன. வாள் பிடுங்கப்பட்ட பின்னர்தான், பிறப்பின்போது அவர்கள் செய்த பணி மீண்டும் தலையெடுத்தது.

19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் அச்சங்கத்தின் பெயரையும் எண்முனை வெண்சிலுவையையும் ஏற்றுப் புதியதோர் அமைப்பு தோன்றியது. அது 1877-இல் செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ் கழகத்தைத் தொடங்கித் தொழிலாளர்களுக்கு முதலுதவி கற்பித்தது. 1882-இல், உதுமானிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் ஆட்சிக் காலத்தில், அவ்வரசின் அனுமதியுடன் பைத்துல் முகத்தஸில் ஒரு கண் மருத்துவமனையையும் திறந்தது. 1960 முதல் அது கிழக்கு ஜெரூசலத்தின் ஷைகு ஜர்ராஹ் பகுதியில் இயங்கி வருகிறது. அங்குக் கண்ணொளி பெறுவோரில் மிகப் பெரும்பாலோர் ஃபலஸ்தீன முஸ்லிம்கள்! ஸலாஹுத்தீன் (ரஹ்) எந்தப் பையைப் பறிக்காமல் விட்டாரோ, அந்தப் பையின் நினைவு இன்று அவருடைய மக்களின் கண்களுக்கு மருந்திடுகிறது.

அந்த வெண்சிலுவை நம் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் வந்திருக்கிறது. பேருந்து நடத்துநர் உரிமம் பெற விழைவோர் முதலுதவிச் சான்றிதழ் பெற்றாக வேண்டும். அதனைப் பயிற்றுவித்துப் பரவலாக வழங்கி வருவது செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸின் இந்தியக் கிளைதான். தொழிற்பேட்டைகளிலும் தொழிற்சாலைகளிலும் முதலுதவிப் பெட்டியின் பொறுப்பாளர்கள் பலர் அதே சான்றிதழைப் பெற்றவர்களே.

நம் வட்டாரத்து இளைஞர் ஒருவர் இப்பயிற்சிக்குச் செல்லுமுன் என்னிடம் ஒரு வினாத் தொடுத்தார்: "ஹஜ்ரத்! அந்தச் சான்றிதழில் இருப்பது சிலுவைப் போராளிகளின் சின்னம் என்கிறார்களே, அதை ஒரு முஸ்லிம் வாங்கலாமா?" வினாவைக் கேலி செய்வதற்கில்லை. 1876-இல் உதுமானியரே, போர்க்களத்தில் தம் வீரர்களின் மனம் புண்படும் என்பதால், செஞ்சிலுவைக்குப் பதிலாகச் செம்பிறையைக் கைக்கொண்டனர். ஆனால் அவர்கள் சின்னத்தைத்தான் மாற்றினர். காயம்பட்டவனுக்குக் கட்டுப்போடும் பணியைக் கைவிடவில்லை. அவ்விளைஞருக்கு நான் கூறிய விடை இதுதான்: அச்சான்றிதழைப் பெறுவது ஒரு கல்வியைப் பெற்றதற்கான சாட்சி, எவருடைய நம்பிக்கையையும் ஏற்றதற்கான சாட்சியன்று. பெருமானார் (ஸல்) அவர்கள் நபித்துவத்துக்கு முன், அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில், அநீதிக்குள்ளானோருக்குத் துணை நிற்பதற்காகக் குறைஷியர் செய்த 'ஹில்ஃபுல் ஃபுளூல்' உடன்படிக்கையில் கலந்துகொண்டார்கள். இஸ்லாம் வந்த பின்னும், அதுபோன்றதற்கு அழைக்கப்பட்டால் இசைவேன் என்று உரைத்தார்கள். கூடியிருந்தோரின் நம்பிக்கையை அன்று. கூடிய நோக்கத்தையே அவர்கள் கண்டார்கள். ஓடும் பேருந்தில் ஒரு முதியவர் மயங்கி விழும்போது, நெஞ்சில் கைவைத்து உயிரை மீட்கத் தெரிந்த நடத்துநர் ஒரு முஸ்லிமாக இருந்தால், அது இஸ்லாத்துக்கு இழிவா, பெருமையா?

நம் வீட்டுக் கணக்கு

பிறர் கதையைப் படிப்பது நம்மைத் திருத்திக்கொள்வதற்காகவே. ஒரே நூற்றாண்டில், ஒரே நகரில் தோன்றியவை இவ்விரு சங்கங்களும். ஒன்று கணக்கற்ற செல்வத்தைச் சேர்த்து அச்செல்வத்தாலேயே அழிந்தது. அதன் வாரிசு வாணிபத்தோடும் ஆட்சியோடும் கைகோத்து, கடலில் எரியும் கப்பலின் நினைவைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டது. மற்றொன்றும் வாளேந்திப் பழிகள் பல சுமந்தது. ஆயினும் நோயாளியின் படுக்கையை முற்றிலும் மறவாதிருந்ததால், இன்று நன்றியோடு நினைக்கப்படும் ஒரு பணியில் அதன் பெயர் நிற்கிறது.

நம்மிடமும் வக்ஃபுகள் உண்டு, பைத்துல்மால்கள் உண்டு, அறக்கட்டளைகள் உண்டு. ஏழைக்கென எழுதி வைக்கப்பட்ட கட்டடத்தின் வாடகை ஏழையைச் சென்று சேர்கிறதா? ஜமாஅத்தின் வரவு செலவு ஆண்டுதோறும் மக்கள் முன் படிக்கப்படுகிறதா? சேவைக்கெனத் தொடங்கிய குழு, தேர்தல் நாளில் கைகலக்கும் குழுவாக மாறிவிடவில்லையா? இவ்வினாக்களை டெம்ப்ளர்களிடம் அவர்களுடைய நற்காலத்தில் எவரேனும் கேட்டிருந்தால் அவர்களுடைய கதை வேறாகியிருக்கலாம்.

மதரஸா ஆசிரியன் என்ற முறையில் ஒரு வேண்டுகோள். வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது முழுமையாகச் சொல்லுங்கள். மீரி கப்பலைச் சொல்லுங்கள். அக்ஸாவில் உஸாமாவிடம் வருந்திய டெம்ப்ளர்களையும் சொல்லுங்கள். 1099-இன் படுகொலையைச் சொல்லுங்கள். பத்து மருத்துவத் துறவிகளுக்கு இடமளித்த ஸலாஹுத்தீன் (ரஹ்) அவர்களையும் சொல்லுங்கள். ஒரு கூட்டத்தாரின் மீதுள்ள பகை நம்மை நீதியினின்றும் பிறழச் செய்தலாகாது என்பது நமக்கு இடப்பட்ட இறைக் கட்டளை அன்றோ? வாய்ப்புள்ள ஜமாஅத்துகள், விடுமுறை நாளொன்றில் பள்ளிவாசல் வளாகத்திலேயே முதலுதவிப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்யலாம். அண்டை வீட்டாரையும், அவர் எச்சமயத்தவராயினும், அதற்கு அழைக்கலாம். காயத்துக்குக் கட்டுப்போடக் கற்ற கை, கல்லெடுக்கச் சற்றே தயங்கும்.

பிறருடைய வீழ்ச்சியிலிருந்து படிப்பினை பெறும் அறிவையும், பகைவரிடத்தும் நீதி பேசும் நாவையும், உயிர் காக்க விரையும் கரங்களையும் வல்ல அல்லாஹ் நமக்கும் நம் மக்களுக்கும் நல்கியருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.